பாடகர் இல்லாத ராக்: நெல்லைப் பக்கத்துப் புதிய காதுகளுக்கு ஒரு வழிகாட்டி

கொடை நடக்கிற கோயில் முன்னால் நையாண்டி மேளம் ஒரு மெட்டை எடுத்தால் அரை மணி நேரம் விடாது. பாட ஆள் கிடையாது, சொல் ஒன்றும் கிடையாது, ஆனாலும் கூட்டம் கலைவதில்லை. நாதஸ்வரம் மெட்டைச் சொல்லிவிட்டு ஒதுங்கும். தவில் ஏறும், பம்பை பதில் சொல்லும். மறுபடி மெட்டு வரும்போது அது முன்பு வந்த மாதிரியே இருக்காது. திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்த எவருக்கும் இப்படிக் கேட்டுப் பழக்கம் உண்டு. கிதார், பேஸ் (கீழ்ச்சுரம் வாசிக்கும் கிதார்), டிரம்ஸ், ஆர்கன் மட்டும் பேசுகிற ராக் இன்ஸ்ட்ருமென்டல்களுக்கும் இதே பழக்கம் போதும்.

புதிதாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் நின்றுவிடுகிறார்கள். பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்திருந்து சலித்துப்போவது ஒன்று. கிதார்காரரின் விரல் வேகத்தை மட்டும் பார்த்து வாய் பிளப்பது இன்னொன்று. மெட்டு எங்கே இருக்கிறது, இப்போது யார் கையில் இருக்கிறது, திரும்பி வரும்போது அதற்கு என்ன ஆகியிருக்கிறது என்ற மூன்று கேள்விகளைப் பிடித்துக்கொண்டால் இரண்டையும் தாண்டிவிடலாம். கீழே உள்ள படிகளெல்லாம் அந்த மூன்று கேள்விகளுக்காகத்தான்.

படி 1: கேட்கும் கருவியைச் சரிசெய்யுங்கள்

ஃபோன் ஸ்பீக்கர் இதற்கு ஆகாது. பேஸ் கிதாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, சாதாரண கிதாரின் அடிக்கம்பி 82 ஹெர்ட்ஸில். ஃபோனுக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் அந்த ஆழத்தை எட்டாது. சினிமாப் பாட்டில் குரல் நடுவில் நிற்பதால் பெரிதாகத் தெரியாது. இங்கே பேஸ் போனால் பாதிப் பேச்சே போய்விடும்.

விலை அதிகமான ஹெட்போன் வேண்டியதில்லை, இரண்டு பக்கமும் ஒழுங்காக வேலை செய்யும் ஒயர் இயர்போன் போதும். இரண்டு காதிலும் மாட்டுங்கள். 1960, 70களின் பல ஒலிப்பதிவுகளில் ஒரு வாத்தியம் முழுக்க இடப்பக்கமும் இன்னொன்று முழுக்க வலப்பக்கமும் வைக்கப்பட்டிருக்கும். நண்பரோடு ஆளுக்கொரு காது பகிர்ந்தால் இரண்டு பேருக்குமே பாதி டிராக்தான். ‘பேஸ் பூஸ்ட்’ மாதிரியான அமைப்புகள் ஃபோனில் இருந்தால் அணைத்துவிடுங்கள். அவை பேஸைத் தெளிவாக்குவதில்லை, வீங்க வைக்கின்றன. சத்தத்தை 60 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள்.

ஜங்ஷனிலிருந்து தென்காசி போகும் பேருந்தில் கேட்பதாக இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். என்ஜின் இரைச்சலும் பேஸும் ஒரே கீழ்த்தளத்தில் இருப்பதால் இரைச்சல் பேஸை விழுங்கிவிடும். சத்தத்தைக் கூட்டினால் காதுதான் கெடும். பயணத்துக்கு மெட்டு மேலே நிற்கும் சிறிய டிராக்குகள் சரி. பேஸ் பேசுகிறவற்றை வீட்டில், விடியற்காலையில், ஃபேனை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பாபநாசம் தாண்டி மலையேறுகிறவர்கள் முன்கூட்டியே டவுன்லோட் செய்துகொள்வது நல்லது. 320 கேபிபிஎஸ் தரத்தில் பத்து நிமிட இசைக்கு ஏறக்குறைய 24 எம்பி ஆகும்.

படி 2: சரியான பதிவைப் பிடியுங்கள்

பெயரைத் தேடினால் அசலோடு நூறு நகல்களும் வரும்: மற்றவர்கள் வாசித்தது, வேகம் குறைத்து எதிரொலி ஏற்றியது, முன்னணிக் கிதாரை நீக்கிய பயிற்சி டிராக். குழுவின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள், பிறகு நீளத்தைப் பாருங்கள். தி ஷேடோஸ் 1960இல் வெளியிட்ட ‘அப்பாச்சி’ மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஆறு நிமிடம் ஓடினால் அது வேறு. ஆல்பமாகக் கேட்கும்போது ‘ஷஃபிள்’ அணைந்திருக்க வேண்டும்.

படி 3: மூன்று டிராக், ஒவ்வொன்றும் மூன்று தடவை

முதல் வாரத்துக்கு இவை போதும்: ‘அப்பாச்சி’, புக்கர் டி அண்ட் தி எம்ஜீஸ் வாசித்த ‘கிரீன் ஆனியன்ஸ்’ (1962), ஃப்ளீட்வுட் மேக்கின் ‘ஆல்பட்ராஸ்’ (1968). எல்லாமே மூன்று நிமிடத்தை ஒட்டியவை.

முதல் தடவை மெட்டை மட்டும் கேளுங்கள். முடிந்ததும் வாய்க்குள் முணுமுணுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் மறுபடி போடுங்கள், அடுத்ததுக்குத் தாவ வேண்டாம். இரண்டாம் தடவை மெட்டை விட்டுவிட்டு பேஸைப் பின்தொடருங்கள். இது முதலில் கஷ்டமாக இருக்கும், காது தானாக மேலே ஓடும். அப்படி ஓடும்போதெல்லாம் கீழே இழுத்துக்கொண்டு வாருங்கள். மூன்றாம் தடவை டிரம்ஸ். கணியான் கூத்தில் மந்த மகுடத்தையும் உச்ச மகுடத்தையும் பிரித்துக் கேட்ட காது இருந்தால் இது எளிது. காலால் மிதிக்கும் பெரிய டிரம் மந்தம், குச்சியால் அடிக்கும் ஸ்னேர் உச்சம்.

‘அப்பாச்சி’யை ஜெர்ரி லார்டன் எழுதினார், ஹேங்க் மார்வின் வாசித்தார். அதில் அவர் ஒரு சுரத்தைக்கூட அவசரமாகப் போடுவதில்லை. எதிரொலிக் கருவி ஒவ்வொரு சுரத்தையும் கொஞ்சம் தள்ளித் திருப்பிச் சொல்வதால், அந்த இடைவெளியை அவர் காலியாக விடுகிறார். கிதார் ஒரு பாடகர் மாதிரி மூச்சு விட்டு வாசிக்கப்படுவதைக் கவனியுங்கள். ‘ஆல்பட்ராஸ்’ இன்னும் மெதுவானது. பீட்டர் கிரீன் கிதார் மேலே மிதக்க, மிக் ஃப்ளீட்வுட் குச்சிக்குப் பதில் மெத்தைத் தலை வைத்த கட்டையால் டிரம்ஸை வருடுகிறார். ராக் என்றால் முட்டலும் மோதலும்தான் என்று நினைத்திருப்பவர்களுக்கு முதலில் இதைத்தான் கொடுக்க வேண்டும்.

படி 4: தாளத்தைக் கையில் போடுங்கள்

பலருக்கு இடறும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ராக் இசையில் பெரும்பகுதி நான்கு நான்காக எண்ணப்படுகிறது. இரண்டு நான்கு சேர்ந்தால் எட்டு, அதாவது ஒரு ஆதி தாள ஆவர்த்தனம் (ஒரு முழுச் சுற்று). ‘கிரீன் ஆனியன்ஸ்’ போட்டு ஆதி தாளம் போடுங்கள். ஸ்னேர் அடி தட்டில் விழாது. சுண்டுவிரலிலும் நடுவிரலிலும் விழும், பிறகு இரண்டு வீச்சிலும் விழும். அதாவது 2, 4, 6, 8. கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்கள் சத்தமான அடியைச் சமம் (சுற்றின் முதல் எண்ணிக்கை) என்று எடுத்துக்கொண்டு ஒரு எண்ணிக்கை தள்ளித் தாளம் போட்டுவிடுவார்கள், பாதியில் எல்லாம் கோணிக்கொள்ளும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க பேஸைக் கேளுங்கள். அது சமத்தில் வந்து உட்காரும்.

அதே டிராக்கில் இன்னொரு கட்டுமானமும் இருக்கிறது. ராக் இசை ப்ளூஸ் என்ற கறுப்பின அமெரிக்கர் இசையிலிருந்து வாங்கிக்கொண்ட பன்னிரண்டு பார் சுற்று அது. ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை, ஆக மொத்தம் 48. நமது கணக்கில் ஆறு ஆவர்த்தனம். முதல் இரண்டு ஆவர்த்தனம் சட்சத்தின் மேல் நிற்கும். மூன்றாவது மத்தியமத்துக்கு ஏறும். நான்காவது மறுபடி சட்சம். ஐந்தாவதில் லகு (முதல் நான்கு எண்ணிக்கை) முழுக்கப் பஞ்சமம், இரண்டு துருதமும் (அடுத்த நான்கு) மத்தியமம். ஆறாவது சட்சத்துக்கு வந்து சேரும். ஒரு சுற்று ஏறக்குறைய 20 விநாடி. இதை நான்கைந்து தடவை விரலில் எண்ணிவிட்டால் பிறகு ஆயிரக்கணக்கான ராக், ப்ளூஸ் பாட்டுகளில் அடுத்து எங்கே போகப்போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரியும். புக்கர் டி ஜோன்ஸ் இதை வாசித்தபோது அவருக்கு 17 வயது. ஆர்கனில் ஒரு சின்ன சொற்கட்டு மாதிரியான வரியை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறார். ஸ்டீவ் க்ராப்பரின் கிதார் நடுவில் வந்து ஊசி மாதிரி குத்திவிட்டுப் போகிறது. நான்கு பேரும் இடம் விட்டு வாசிப்பதால்தான் அறுபது ஆண்டுக்குப் பிறகும் அது புதுசாக இருக்கிறது.

எண்ணுவது பழகியதும் கனடா நாட்டு ரஷ் குழுவின் ‘ஒய் ஒய் இசட்’ (1981) கேளுங்கள். டொராண்டோ விமான நிலையத்தின் குறியெழுத்து அது. அந்த மூன்று எழுத்துகளின் மோர்ஸ் தந்திக் குறியீட்டை அப்படியே தாளமாக்கி டிராக்கைத் தொடங்குகிறார்கள். கோட்டை நெடிலாகவும் (2 மாத்திரை) புள்ளியைக் குறிலாகவும் (1 மாத்திரை) சொல்லுங்கள்:

தா த தா தா
தா த தா தா
தா தா த த

ஏழு, ஏழு, ஆறு. மொத்தம் 20 மாத்திரை, நான்கு மாத்திரைக்கு ஒரு தட்டு வைத்தால் ஐந்து தட்டு. வாயில் சொல்லிக்கொண்டே ஐந்து தட்டுப் போடுங்கள். இரண்டாவது வரி தட்டோடு ஒட்டாமல் நழுவி, முடிவில் சரியாகச் சமத்துக்கு வந்து விழும். கோர்வை கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சுகம் தெரிந்ததுதான். தொடக்கம் முடிந்ததும் பெரும்பாலும் நான்குக்குத் திரும்பிவிடும், ஆகவே ஐந்தையே பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள்.

படி 5: ராகத்தின் வழியாக உள்ளே போங்கள்

டிக் டேல் 1962இல் வெளியிட்ட ‘மிசர்லு’, கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளில் பாடப்பட்ட பழைய மெட்டு. 1920களிலேயே கிரேக்கர்கள் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். டிக் டேல் அதைக் கலிபோர்னியாவின் அலைச்சறுக்குக் கூட்டத்துக்காக மின்கிதாரில் இடிமாதிரி வாசித்தார். அதன் சுரங்களை அடுக்கிப் பாருங்கள்: சட்சம், சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம். பாட்டு வகுப்பில் முதல் நாள் சரளி வரிசை சொல்லிக்கொடுக்கும் மாயாமாளவகௌளை! ராகப் போக்கும் கமகமும் வேறு, சுரத்தானம் ஒன்று. அதனால்தான் முதல் தடவையே அந்த மெட்டு நம் ஊர்க் காதில் அந்நியமாகப் படுவதில்லை.

இன்னும் சில பாலங்கள் உண்டு. ராக் கிதார்காரர்கள் சோலோவுக்கு (தனி வாசிப்புக்கு) அதிகம் எடுக்கும் ஐந்து சுர அடுக்கு நமது சுத்த தன்யாசி. டோரியன் என்று அவர்கள் சொல்வது கரகரப்பிரியா, லிடியன் என்பது மேசகல்யாணி. ஜோ சாட்ரியானியின் ‘ஃப்ளையிங் இன் எ ப்ளூ ட்ரீம்’ (1989) லிடியனில் நடக்கிறது, ஆனால் ஒரே சட்சத்தில் நிற்பதில்லை. ‘சி’யில் தொடங்கி ஏ-ஃப்ளாட், ஜி, எஃப் என்று ஆதார சட்சமே இடம் மாறுகிறது, ஒவ்வொரு இடத்திலும் கல்யாணி. கச்சேரியில் தம்பூரா மாறாது, அதனால் நமக்கு இது புது அனுபவம். சட்சம் மாறும் இடத்தில் தரை நகர்ந்தது போலத் தோன்றும். அந்த இடங்களைக் கண்டுபிடிப்பதுதான் இந்த டிராக்குக்கான பயிற்சி. சுருதிப்பெட்டியைப் போட்டுக்கொண்டு கேட்காதீர்கள், இரண்டும் மோதும்.

படி 6: ஓசையை விரும்பக் கற்றுக்கொள்ளுங்கள்

கொடைக்கு மரத்தில் கட்டிய குழாய் ரேடியோவை எல்லைக்கு மேல் முடுக்கினால் ஒரு கரகரப்பு வரும். ஆம்ப்ளிஃபையர் தாங்க முடியாமல் அலையின் உச்சியை வெட்டிவிடுவதால் வருவது அது. 1958இல் லிங்க் ரே ‘ரம்பிள்’ வாசித்தபோது வேண்டுமென்றே அந்தக் கரகரப்பைத் தேடிப்போய், ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் காகிதத்தில் ஓட்டை குத்தினார். ஒரு சொல்கூட இல்லாத அந்த டிராக்கை, தலைப்பே தெருச்சண்டையைக் குறிக்கிறது என்று அமெரிக்காவில் சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. அதே ஆண்டில் டுவேன் எடியின் கிதாருக்கு எதிரொலி கொடுக்க, பீனிக்ஸ் நகர ஸ்டுடியோவில் பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். தொட்டிக்குள் ஸ்பீக்கரும் மைக்கும் வைத்து, உள்ளே சுற்றிவந்த சத்தத்தைப் பதிவு செய்தார்கள்.

பாடகர் இல்லாத இடத்தில் ஓசையே குரல். ஆகவே கரகரப்பைத் தாங்கிக்கொள்ள வேண்டிய தொந்தரவாக எடுக்காமல், எந்தச் சுரத்தில் அதிகம், எங்கே குறைகிறது என்று கவனியுங்கள். இதற்கு மிகச் சிறந்த பாடம் ஜெஃப் பெக்கின் ‘ப்ளோ பை ப்ளோ’ ஆல்பத்தில் (1975) இருக்கும் ‘காஸ் வீவ் எண்டட் ஆஸ் லவர்ஸ்’. மெட்டு ஸ்டீவி வொண்டருடையது. பெக் கம்பியை விரலால் இழுத்து ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏறுகிறார், கிதாரின் சத்தக் குமிழைத் திருகி, மீட்டிய அடி தெரியாமல் சுரத்தை வளர்க்கிறார். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தை வானொலியிலாவது கேட்டு வளர்ந்தவர்கள், ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருக்கும் அந்தப் பாதையை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

படி 7: நீண்டவற்றுக்குப் போங்கள்

ஒரு மாதம் கழித்து ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் ‘இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்’. ஸ்டுடியோப் பதிவு வேண்டாம். 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்தது வேண்டும், 13 நிமிடம் வரும். இரண்டு கிதார், இரண்டு டிரம்ஸ்காரர்கள், பேஸ், ஆர்கன். இரட்டை நாதஸ்வரமும் இரட்டைத் தவிலும் வைத்த மேளத்தின் அமைப்பு இதில் அப்படியே இருக்கிறது, கேட்கும் முறையும் அதேதான். ஆரம்பத்தில் டிக்கி பெட்ஸ் குமிழைத் திருகி வயலின் மாதிரி கிதாரை எழுப்புகிறார். பிறகு இரண்டு கிதாரும் சேர்ந்து மெட்டைச் சொல்கின்றன. அந்த மெட்டை மனப்பாடம் செய்யும்வரை மேலே போகாதீர்கள், முதல் மூன்று நிமிடத்தையே நான்கு தடவை கேட்டாலும் தவறில்லை. அடுத்து பெட்ஸ் சோலோ, கிரெக் ஆல்மனின் ஆர்கன், கடைசியாக டுவேன் ஆல்மன். சோலோக்கள் நடக்கும் அடுக்கு டோரியன், நமது கரகரப்பிரியா. டுவேன் அமைதியாகத் தொடங்கி, ஒரு உச்சியை எட்டி, இறங்கி, அதைவிட உயரமான இன்னொன்றுக்கு ஏறுகிறார். பாடகர் இல்லாத ராக் எவ்வளவு தூரம் போக முடியும் என்று கேட்பவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் பதில் இந்தப் 13 நிமிடம்தான். அதே ஆண்டு அக்டோபரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் டுவேன் இறந்தபோது அவருக்கு 24 வயது.

மெட்டல் பிடிக்கும் இளைஞர்களுக்கு மெட்டாலிகாவின் ‘ஓரியன்’ (1986). எட்டரை நிமிடத்தை ஒட்டியது. நடுவில் வேகமெல்லாம் அடங்கி கிளிஃப் பர்ட்டனின் பேஸ் தனியாக நடக்கத் தொடங்கும் இடத்துக்காகவே படி 1இல் அவ்வளவு சொன்னோம்.

மைக் ஓல்ட்ஃபீல்டின் ‘டியூபுலர் பெல்ஸ்’ (1973) இரண்டு பாகம், சேர்த்து ஏறக்குறைய 49 நிமிடம். திருச்செந்தூர் ரயிலில் ஏறி உட்கார்ந்தால் ஊர் வருவதற்குள் முடிந்துவிடும். 19 வயதில் பெரும்பாலான வாத்தியங்களை அவரே வாசித்துப் பதிவு செய்தார். தொடக்கப் பியானோ 7, 8 என்று மாறி மாறி 15ஆக ஓடும். புதியவர்களுக்கு இதில் ஒரு பெரிய உதவி உண்டு. முதல் பாகத்தின் கடைசிப் பகுதியில் ஒரே மெட்டை ஒவ்வொரு வாத்தியமாக வந்து வாசிக்க, ஒருவர் அதன் பெயரை அறிவித்துக்கொண்டே வருகிறார். எந்த ஓசை எந்த வாத்தியம் என்று காதுக்குப் பிடிபட இதைவிட நல்ல வழி இல்லை.

வேகத்தைப் பற்றி

வான் ஹேலனின் ‘எரப்ஷன்’ (1978) ஒரு நிமிடம் 42 விநாடி. இரண்டு கை விரல்களாலும் கிதாரின் கழுத்தில் தட்டி வாசிக்கும் முறையை அது உலகம் முழுக்கப் பரப்பியது. அதன் பிறகு வந்த பலர் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சின்ன டிராக்குக்குள் தொடக்கம், நிறுத்தம், மூச்சு, உச்சம் எல்லாம் இருப்பதை விட்டுவிட்டார்கள். ஒரு இன்ஸ்ட்ருமென்டல் நல்லதா என்று தெரிய எளிய சோதனை: மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது அதில் ஒரு வரியாவது வாயில் வருகிறதா? வராவிட்டால் விரல் எவ்வளவு பறந்தாலும் அதில் மெட்டு இல்லை.

கையில் கிதார் இருந்தால்

பாளையங்கோட்டைப் பக்கம் சர்ச் குவயரில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடித்துப் பழகிய பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு முதல் பாடமாக ‘மிசர்லு’ நல்லது, ஒரே கம்பியில் தொடங்கலாம். அடிக்கம்பியில் (தடித்த ஈ கம்பி) இந்தக் கட்டங்களை (கழுத்தில் உலோகக் கோடுகளுக்கு நடுவில் இருக்கும் இடங்கள், 0 என்றால் அழுத்தாமல்) அழுத்துங்கள்: 0, 1, 4, 5, 7, 8, 11, 12. ச முதல் மேல் ச வரை வந்துவிடும். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தட்டுக்கு நான்கு மீட்டல், கீழ் மேல் கீழ் மேல் என்று மாற்றி மாற்றி. இரண்டு நிமிடம் தடுமாறாமல் வந்தால் மட்டும் 5 கூட்டுங்கள்.

கெட்டுப்போகும் இடங்கள் தெரிந்தவையே. பிக்கின் (மீட்டும் சிறு தகடு) நுனி கம்பிக்குள் ஆழமாகப் போனால் சிக்கும், இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தாண்ட வேண்டாம். முழங்கை விறைத்தால் வேகம் ஓரளவுக்கு மேல் ஏறாது, வலியும் வரும். அசைவு மணிக்கட்டில் இருக்க வேண்டும். 4இலிருந்து 5க்கும் 7இலிருந்து 8க்கும் போவது எளிது, 1இலிருந்து 4க்குத் தாவும்போதுதான் தாளம் நொண்டும், ஆகவே அந்த இரண்டு கட்டத்தையும் தனியாக எடுத்துப் பழகுங்கள். டிக் டேல் மாதிரி தடித்த கம்பி வாங்கிப் போடாதீர்கள். புதிய விரலுக்கு அது தாங்காது, சாதாரண கிதாரின் கழுத்தும் வளையும். தூத்துக்குடி, திருச்செந்தூர் கடற்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடையுங்கள்.

கிதாரை ஃபோனோடு இணைத்து வாசிக்கிறவர்கள் ப்ளூடூத் ஸ்பீக்கரைத் தவிர்க்க வேண்டும். அது சத்தத்தைத் தாமதமாகத் தருவதால் நீங்கள் சரியாக வாசித்தாலும் தாளம் தவறுவது போலவே கேட்கும். ஒயர்தான் சரி. அசலோடு சேர்ந்து வாசிக்க வேகத்தை 0.5 அல்லது 0.75 ஆகக் குறைக்கும் வசதி யூடியூபில் இருக்கிறது, சுருதி மாறாது. இவ்வளவு செய்தும் உங்கள் கிதார் பழைய பதிவோடு ஒட்டாமல் அரைகுறையாக நின்றால் கிதாரைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் கால நாடாக்கள் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடியிருக்கும். ட்யூனரை மூடி வைத்துவிட்டு, டிராக்கில் நீளமாக நிற்கும் ஒரு சுரத்தைப் பிடித்து, அதே சுரத்தின் கட்டத்தை அடிக்கம்பியில் அழுத்தி, இரண்டும் ஒட்டும்வரை கம்பியைச் சேருங்கள், மற்ற ஐந்தையும் அதிலிருந்து சேருங்கள்.